எய்ட்ஸ் விழிப்புணர்வு வேலை செய்ததா? தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுப்பணத்தில் நடக்கும் சுகாதார விழிப்புணர்வால் என்ன பலன் என்று கேட்பவர்களுக்காகவும், சமூகப்பணி, இதழியல் படிக்கும் மாணவர்களுக்காகவும் எழுதப்பட்ட பக்கம் இது. எடுத்துக்கொண்டது ஒரே ஓர் அமைப்பு. அதைப் போல 30 ஆண்டு வரலாறும், அளந்து பார்க்கக் கணக்கும் உள்ள சுகாதாரக் கல்வி அமைப்பு தமிழ்நாட்டில் வேறு அதிகம் இல்லை. இது மருத்துவ ஆலோசனை அல்ல.

இது அரசுத் துறையா, தொண்டு நிறுவனமா?

இரண்டுக்கும் நடுவில் இருப்பது. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் 1994-இல் பதிவான அமைப்பு. திட்ட இயக்குநர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, பணம் டெல்லியில் உள்ள தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்து வருகிறது, அலுவலகம் எழும்பூர் பாந்தியன் சாலையில். அரசின் ஆள், அரசின் காசு, ஆனால் கணக்கு வழக்கு மட்டும் தனி.

எதற்காகத் தனிச் சங்கம்? சுகாதாரத் துறையே செய்திருக்கக் கூடாதா?

செய்யப் பார்த்தது. 1992-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தேசியத் திட்டம் தொடங்கியபோது பணம் மாநிலக் கருவூலம் வழியாகத்தான் போனது. கோப்பு நிதித் துறைக்குப் போய், கேள்வியோடு திரும்பி, மறுபடி போய், ஒப்புதல் கிடைக்கும்போது நிதியாண்டு முடியும் நிலையில் இருக்கும். ஆணுறை வாங்குவதும் சுவரொட்டி அச்சடிப்பதும் அந்த வேகத்தில் நடந்தால் தொற்று காத்துக்கொண்டா இருக்கும்?

தமிழ்நாடு கண்ட வழி, தனி வங்கிக் கணக்கு உள்ள சங்கம். நிர்வாகக் குழு கூடி முடிவெடுத்தால் பணம் நகரும். நாட்டிலேயே இப்படி அமைந்த முதல் மாநிலச் சங்கம் இதுதான். 1999-இல் தேசியத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியபோது எல்லா மாநிலங்களும் இதே அமைப்புக்கு மாறின. விளம்பரங்களைப் பற்றி ஊர் முழுக்கப் பேசியாகிவிட்டது, இந்தக் கணக்குப் புத்தகச் சீர்திருத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் சங்கத்தின் முதல் சாதனை இதுதான்.

1994-க்கு முன் தமிழ்நாட்டில் என்ன நிலைமை?

எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸ் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார்கள். சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால் மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்குப் போயின. ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. "இது வெளிநாட்டு வியாதி, நம் பண்பாட்டில் வராது" என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அடுத்து நடந்தது கல்வி அல்ல, காவல். தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்களைக் காப்பகத்தில் அடைத்து வைத்தார்கள். 1990-இல் பொதுநல வழக்குப் போட்ட பிறகே அவர்கள் வெளியே வந்தார்கள். அந்தப் பெண்களிடம் வந்த ஆண்களை யாரும் தேடவில்லை. சங்கத்தை மதிப்பிடும்போது இந்தத் தொடக்கத்தை நினைவில் வைப்பது நல்லது. பூட்டு போடுவதில் இருந்து பேசிப் பார்ப்பதற்கு அரசு மாறியதே ஒரு பெரிய நகர்வு.

எல்லா வேலையையும் சங்கமே செய்ததா?

இல்லை. தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை 1995 முதல் அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் உதவியோடு 'ஏபேக்' என்ற தனித் திட்டத்தை நடத்தியது. நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்கள், பாலியல் தொழில் நடக்கும் இடங்கள் என்று தொற்று பரவக்கூடிய இடங்களில் தொண்டு நிறுவனங்கள் வழியாக வேலை நடந்தது. சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் பரிசோதனையும் ஆலோசனையும் சிகிச்சையும் கொடுத்தது. தொற்றுள்ளவர்களே கட்டிய அமைப்புகளும் உண்டு. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, தன் தொற்றை வெளிப்படையாகச் சொன்ன முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். தொற்றுள்ள பெண்களுக்கான கூட்டமைப்பை 1998-இல் தொடங்கியவர்களில் ஒருவரும் அவரே.

ஆகவே "சங்கம் சாதித்தது" என்று யாராவது மேடையில் சொன்னால், அந்த வாக்கியத்தில் இவர்கள் எல்லோரும் ஒளிந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிராஜா விளம்பரம் வெற்றிதானே?

"புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" 2003 வாக்கில் ஊர் ஊராகப் பலகைகளில் தொங்கிய கேள்வி. அது சங்கத்தின் எழும்பூர் அலுவலகத்தில் பிறந்த யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்னோடி மும்பையில் 2002 கடைசியில் பி.எஸ்.ஐ. என்ற நிறுவனம் தொடங்கிய 'பல்பீர் பாஷா' விளம்பரம். தெலுங்கில் அவர் 'புலிராஜா' ஆனார்.

முதலில் கேள்வியை மட்டும் போட்டு ஊரைக் குழப்புவது, பிறகு சூழ்நிலைகளைச் சொல்வது என்பது உத்தி. குடித்துவிட்டு ஆணுறையை மறந்தால்? ஒரே பெண்ணிடம்தானே போகிறேன் என்று நம்பினால்? பார்க்க ஆரோக்கியமாக இருக்கிறாளே என்று கணக்குப் போட்டால்? ஆண்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை ஒவ்வொன்றாக உடைப்பது நோக்கம். மிகக் கூர்மையான யோசனை.

பலன்? இரண்டு விதமாகச் சொல்லலாம். மும்பையில் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் கூடின. விளம்பரம் பார்த்தவன் அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஒரு வாசல் இருந்தது. அதே விளம்பரம் பாலியல் தொழிலாளிகளை நோயின் ஊற்றாகக் காட்டுகிறது என்று பெண்கள் அமைப்புகள் கண்டித்தன. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது. தமிழ்நாட்டில் 'புள்ளிராஜா' என்ற பெயர் கல்லூரி விடுதியில் ஒருவனை ஓட்டுவதற்கான பட்டப்பெயர் ஆயிற்று. ராஜா என்று பெயர் வைத்திருந்த அப்பாவிகள் பட்ட பாடு தனிக்கதை.

ஒரு விளம்பரம் கிண்டலாக மாறினால் அது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. அதற்கு முன்பு வாயில் வராத விஷயம் டீக்கடையில் பேச்சானது. ஆனால் பெயர் ஞாபகம் இருக்கும் எத்தனை பேருக்கு அந்தச் சூழ்நிலைகள் ஞாபகம் இருக்கின்றன? விளம்பர நிறுவனங்கள் அளப்பது முதலாவதை. சுகாதார அமைப்பு அளக்க வேண்டியது இரண்டாவதை.

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. உண்மையிலேயே குறைந்ததா?

குறைந்தது. 2000-களின் தொடக்கத்தில் அரசு மருத்துவமனைக்கு வரும் கருவுற்ற பெண்களிடம் நடத்திய கண்காணிப்புப் பரிசோதனையில் நூற்றில் ஒருவருக்கு மேல் தொற்று இருந்தது. ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், மணிப்பூர், நாகாலாந்து ஆகியவற்றோடு தமிழ்நாடும் 'உயர் தொற்று' மாநிலம் என்ற பட்டியலில் இருந்தது. இன்று அதே அளவீடு கால் சதவீதத்துக்கும் கீழே.

அது விழிப்புணர்வால்தான் குறைந்தது என்று எப்படிச் சொல்வது? தானாகவே குறைந்திருக்கலாமே?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் இதுதான் கனமானது. தொற்று விகிதம் குறைய மூன்று வழிகள் உண்டு. புதிதாக வருபவர்கள் குறையலாம். ஏற்கெனவே தொற்றுள்ளவர்கள் இறந்துபோகலாம். அல்லது நாம் எண்ணும் முறை மாறலாம். இரண்டாவது வழியில் குறைந்தால் அது சாதனை அல்ல, அவலம். மொத்த விகிதத்தை மட்டும் பார்த்தால் இந்த மூன்றையும் பிரிக்க முடியாது.

அதனால்தான் 2006-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு முக்கியமாகிறது. ஆய்வாளர்கள் 15 முதல் 24 வயதுள்ள கருவுற்ற பெண்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். அந்த வயதில் தொற்று இருந்தால் அது அண்மையில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இறப்பின் பாதிப்பும் குறைவு. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் நான்கும் சேர்ந்த தொகுப்பில் அந்த விகிதம் 2000-இல் 1.7 சதவீதம், 2004-இல் 1.1 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீழ்ச்சி. வட மாநிலங்களில் அப்படி ஒரு சரிவு தெரியவில்லை. ஆண்கள் பாலியல் தொழிலாளிகளிடம் போவது குறைந்திருக்கும், அல்லது போகும்போது ஆணுறை அணிவது கூடியிருக்கும் என்பது ஆய்வாளர்கள் கண்ட விளக்கம்.

ஆக, நடத்தை மாறியது. அதை மாற்றியது எது? சுவரொட்டியா, லாரி நிறுத்தத்தில் கையில் ஆணுறையோடு நின்ற சக தோழரா, பால்வினை நோய்க்கு ஏளனம் இல்லாமல் மருந்து கொடுத்த மருத்துவரா, கூட வேலை செய்தவன் உருக்குலைந்து செத்ததைக் கண்ணால் பார்த்த பயமா? இவற்றை யாரும் துல்லியமாகப் பிரித்துச் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே ஊரில் நடந்தன. எண்ணெய், கடுகு, உளுந்து, பெருங்காயம் என்று தாளித்த பிறகு ரசத்தின் மணத்தில் எதற்கு எத்தனை பங்கு என்று கேட்பது போலத்தான்.

ஒன்றை மட்டும் துணிந்து சொல்லலாம்: சொல்லும் பொருளும் சேர்ந்து போன இடத்தில் பலன் தெரிந்தது. "ஆணுறை அணியுங்கள்" என்ற வாசகம் ஆணுறை கிடைக்காத ஊரில் வெறும் எழுத்து.

2007-இல் இந்தியாவின் எண்ணிக்கை திடீரென்று பாதியானதே, அது விழிப்புணர்வின் வெற்றியா?

இல்லை, அது மேலே சொன்ன மூன்றாவது வழி: எண்ணும் முறை மாறியது. 2006-இல் இந்தியாவில் 57 லட்சம் பேருக்கு எச்.ஐ.வி. என்று ஐ.நா. மதிப்பீடு சொன்னது. அடுத்த ஆண்டு அது சுமார் 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. யாரும் குணமாகவில்லை. முன்பு அரசு மருத்துவமனைக்கு வருபவர்களை வைத்து நாடு முழுவதையும் கணித்தார்கள். 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தபோது உண்மை அளவு குறைவு என்று தெரிந்தது. அந்த ஆய்வில் தமிழ்நாட்டின் விகிதம் 0.34 சதவீதம்.

எந்த அமைப்பின் ஆண்டறிக்கையைப் படித்தாலும் முதலில் இதைப் பாருங்கள்: பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே முறையில் எடுத்தவையா? மருத்துவமனைக் கணக்கை ஒரு முனையிலும் வீட்டுக் கணக்கை மறுமுனையிலும் வைத்துக் கோடு போட்டால் எந்தத் திட்டமும் அற்புதமாகத் தெரியும்.

எய்ட்ஸ் பற்றி இப்போது எல்லோருக்கும் தெரியுமே, இன்னும் எதற்கு விழிப்புணர்வு?

கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்பது சரி. தெரியும் என்பது வேறு. தேசியக் குடும்ப நல ஆய்வு 'முழுமையான அறிவு' என்று ஒன்றை அளக்கிறது: ஆணுறை காக்கும், தொற்றில்லாத ஒரே துணையோடு இருப்பது காக்கும், பார்க்க நலமாக இருப்பவருக்கும் தொற்று இருக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும், கொசு கடித்தால் வரும், சேர்ந்து சாப்பிட்டால் வரும் போன்ற தப்பான நம்பிக்கைகள் இருக்கக் கூடாது. 2019-21 ஆய்வில் நாடு முழுக்க 15 முதல் 49 வயதுப் பெண்களில் 21.6 சதவீதம், ஆண்களில் 30.7 சதவீதம் பேர்தான் அதில் தேறினார்கள். இத்தனை ஆண்டுப் பிரசாரத்துக்குப் பிறகு.

இன்னொன்றும் உண்டு. புள்ளிராஜா வந்தபோது பள்ளியில் இருந்தவர்களுக்கு இன்று பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொன்னது? கைபேசியில் எல்லாம் கிடைக்கும் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கிடைப்பது என்ன என்று ஒருநாள் அவர்களே தேடிப் பார்க்கலாம்.

'ஒருவனுக்கு ஒருத்தி' நல்ல அறிவுரைதானே? அதில் என்ன குறை?

பண்பாட்டோடு ஒட்டி வந்ததால் அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் மேடையேறியது. சட்டமன்ற உறுப்பினரும் சொல்லலாம், சாமியாரும் சொல்லலாம். ஆனால் நாமக்கல், சேலம் பக்கத்து லாரிக் குடும்பங்களில் தொற்று வந்த பெண்களில் பலர் ஒருவனுக்கு ஒருத்தியாக இருந்தவர்கள். தாலி கட்டியவனிடமிருந்து வந்தது. அவர்களுக்கு அந்த வாசகம் என்ன சொன்னது? ஒன்றும் இல்லை. அதைவிட மோசம், தொற்று வந்த பெண்ணைப் பார்த்து ஊர் கேட்ட கேள்விக்கு அது ஆயுதம் கொடுத்தது.

கணவனிடம் "ஆணுறை போடு" என்று மனைவி சொல்வது எப்படி என்பதைப் பற்றி விழிப்புணர்வுப் பிரசாரம் பேசியது மிகக் குறைவு. சங்கத்தின் கல்விப்பணியில் ஆகப் பெரிய ஓட்டை எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். கருவுற்ற பெண்களுக்குப் பரிசோதனை பரவலான பிறகு தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதைத் தடுக்க முடிந்தது, பெரிய விஷயம்தான். ஆனால் அது பெண்ணைத் தாயாகப் பார்த்துச் செய்தது. மனைவியாக அவளைக் காப்பாற்ற என்ன செய்தோம்?

மண்டை ஓடு, பாம்பு என்று பயமுறுத்திய படங்கள் உதவினவா?

தொடக்கத்தில் கவனத்தை இழுத்தன. பிறகு பரிசோதனைக்கு வருவதையே தடுத்தன. எய்ட்ஸ் என்றால் சாவு என்று தலையில் ஏறிவிட்டவன் எதற்குச் சோதித்துப் பார்க்கப் போகிறான்? அந்தப் படங்கள் விதைத்த வெறுப்பைத் துடைக்கத் தனியாக இன்னொரு பிரசாரம் தேவைப்பட்டது. பரிசோதனை, ஆலோசனை நிலையங்களுக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர் வைத்ததும் அதன் ஒரு பகுதி. அரசு வைத்த பெயர்களில் அரிதாக நன்றாக அமைந்தது.

கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்கள் (எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்புகள்), உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 பேரணி இவற்றால் பயன் உண்டா?

செஞ்சுருள் சங்கத்தை நடத்தும் பேராசிரியருக்கு அக்கறை இருந்தால் உண்டு. இல்லையென்றால் ஒரு பேனர், ஒரு கோலப்போட்டி, ஒரு மனிதச் சங்கிலி, ஒரு புகைப்படம், அறிக்கையில் 'பயனடைந்தோர் 500'. வெயிலில் நின்ற 500 பேர் எப்படிப் பயனடைந்தார்கள் என்று தணிக்கையில் யாரும் கேட்பதில்லை.

மாணவர்கள் பெயரில்லாமல் சீட்டில் எழுதிப் போடும் கேள்விகளுக்கு ஆலோசகர் ஒருவர் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லும் ஒரு மணி நேரம், பத்துப் பேரணிக்குச் சமம். செலவும் குறைவு. புகைப்படம்தான் சரியாக வராது.

இப்போது நல்ல மருந்து இருக்கிறதே, கல்விக்கு இனி என்ன வேலை?

வேலை மாறியிருக்கிறது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை தொடக்க மையங்களில் ஒன்று. 2017 முதல் எதிர்ப்பாற்றல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாராமல், தொற்று தெரிந்த எல்லோருக்கும் மருந்து. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது என்பது இன்று உறுதிப்பட்ட விஷயம்.

இந்த ஒரு செய்தி மட்டும் ஊருக்குள் போயிருந்தால் வீடு மறுப்பதும் வேலை மறுப்பதும் பாதி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். புள்ளிராஜாவுக்குக் கிடைத்த பலகைகளில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் அப்படித்தான். ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, ஒருவரின் நிலையை வெளியே சொல்லக் கூடாது, வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இது தெரியாத மருத்துவமனை ஊழியர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அரசுக்குள் இருக்கும் அமைப்பு, அரசுக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்லுமா?

கடினம். இங்கிலாந்தில் 1968 முதல் இருந்த சுகாதாரக் கல்வி மன்றத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. ஏழைகளின் உடல்நலம் வசதியானவர்களைவிட மோசமாகிக்கொண்டே போகிறது என்று காட்டும் அறிக்கையை அது 1987 மார்ச்சில் வெளியிட ஏற்பாடு செய்தது. செய்தியாளர் சந்திப்பை மன்றத் தலைவரே கடைசி நேரத்தில் நிறுத்தினார். அந்த மாத முடிவோடு மன்றம் கலைந்து, அரசின் பிடி இன்னும் இறுகிய வேறோர் அமைப்பு அந்த இடத்துக்கு வந்தது. அறிக்கை அதனாலேயே பரபரப்பாகப் பேசப்பட்டது என்பது வேறு விஷயம்.

நம் சங்கத்தில் தலைவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆலோசகர்களும் ஆய்வக நுட்பனர்களும் ஆண்டுக்கணக்காக ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். பாலியல் தொழிலாளிகளோடும் ஓரினச்சேர்க்கையாளர்களோடும் வேலை செய்ய ஒரு துறை பணம் கொடுக்க, அதே வேலையைச் செய்தவர்களை இன்னொரு துறையின் காவலர்கள் பிடித்துப்போன காலம் இருந்தது. அப்போது சங்கம் வாய் திறந்து பேசும் நிலையில் இருந்ததா என்பதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

தொற்று குறைந்துவிட்டதால் சங்கத்தைப் பொதுச் சுகாதாரத் துறையோடு இணைத்துவிடலாமா?

பரிசோதனையையும் சிகிச்சையையும் இணைக்கலாம். காசநோய்த் திட்டத்தோடு ஏற்கெனவே நிறைய இணைந்துதான் நடக்கின்றன. ஆனால் திருநங்கையரிடமும், பாலியல் தொழிலில் இருப்பவர்களிடமும், ஊசியில் போதை ஏற்றுபவர்களிடமும் போய்ப் பேசும் வேலையை ஆரம்ப சுகாதார நிலையத்தின் தலையில் கட்டினால் அது நடக்காது. அங்கே இருக்கும் செவிலியருக்குத் தடுப்பூசி, பிரசவம், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஏற்கெனவே மூச்சுமுட்டுகிறது. போதாதற்கு, அந்த மக்கள் அங்கே வரத் தயங்குவதுதான் பிரச்சினையின் வேரே.

ஒரு குடிமகனாக இதன் செயல்பாட்டை நானே சரிபார்க்க முடியுமா?

முடியும். அரசு நிதியில் இயங்குவதால் சங்கம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. எத்தனை துண்டறிக்கை அச்சடித்தீர்கள் என்று கேட்காதீர்கள். அந்த எண் உடனே வரும், ஒன்றுக்கும் உதவாது. உங்கள் மாவட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் நம்பிக்கை மையங்களில் தாமாக வந்து பரிசோதித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர், தொற்று தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையில் சேர்ந்தார்கள், பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர், ஆலோசகர் பணியிடங்களில் எத்தனை காலி, விழிப்புணர்வுக்கு ஒதுக்கிய பணத்தில் டிசம்பர் மாதத்தில் மட்டும் செலவானது எவ்வளவு என்று ஆண்டுவாரியாகக் கேளுங்கள். தனிநபர் விவரம் எதையும் கேட்காதீர்கள், கொடுக்கவும் கூடாது. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.